இங்கிலீஷ்ல சொல்லு இடம் மாறி அர்த்தம் மாறிப்போச்சா? அறிகுறிய வச்சு கண்டுபிடிச்சு சரிபண்ணுத வழி

பாளையங்கோட்டையில ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ்னு சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன். டைப்ரைட்டிங் ஹையர் முடிச்ச காலத்துல இருந்து இதே சோலிதான், மனு, லீவ் லெட்டர், பேங்குக்கு எழுதுத லெட்டர், விசாவுக்கு கவரிங் லெட்டர், பயோடேட்டா, பிள்ளைகளோட ப்ராஜெக்ட் எல்லாம் நம்ம கை வழியாத்தான் போகும். ஸ்பெல்லிங் தப்புன்னா கம்ப்யூட்டரே செவப்புக் கோடு போட்டுக் காட்டிரும். நான் இங்க எழுதப்போறது அது காட்டாத தப்பு. எல்லாச் சொல்லும் சரியா இருக்கும், டென்ஸ் சரியா இருக்கும், ஒரே ஒரு சொல்லு மட்டும் நிக்கவேண்டிய எடத்துல நிக்காம ரெண்டு சொல்லு தள்ளி நிக்கும், அர்த்தம் அப்படியே வேற ஆளு மேல போய் விழுந்திரும்.

எனக்கு இது உறைச்சது ஒரு அண்ணாச்சியால. சேரன்மாதேவிப் பக்கம் ஊரு அவாளுக்கு. லோன் ஃபாரத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்கணும், இவாள் மட்டும் போட்டுட்டு குடுத்துட்டாவ, அதச் சொல்லி பேங்குக்கு ஒரு லெட்டர் வேணும். "தம்பி, நான் மட்டும்தான் கையெழுத்து போட்டேன், வீட்ல போடல, அத எழுதிருப்பா"ன்னாவ. நானும் வேகத்துல "ஐ ஒன்லி சைன்டு த ஃபார்ம்"னு அடிச்சுக் குடுத்துட்டேன். அங்க இருந்த ஆபீசர் அத எப்படிப் படிச்சாருன்னா, "நான் வெறுமனே கையெழுத்து மட்டும்தான் போட்டேன், வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது"ன்னு. ஃபாரத்த நெரப்புனது யாரு, படிச்சுப் பாக்காம ஏன் போட்டீங்கன்னு கேட்டு நேர்ல வரச்சொல்லிட்டாங்க. அண்ணாச்சி ரெண்டு பஸ் மாறி வந்து, "என்ன தம்பி எழுதுன, என்னைய யாரோ ஏமாத்திட்டாங்கன்னுல்லா நெனைக்காவ"ன்னு நின்னாவ. தப்பு என்னோடது. எழுதவேண்டியது "ஒன்லி ஐ சைன்டு த ஃபார்ம், மை வைஃப் டிட் நாட்". ஒரு சொல்லு ஒரு எடம் முன்னால போயிருக்கணும், அவ்ளோதான். அன்னையில இருந்து இந்த மாதிரி வாறது ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வாரேன். அதுல இருந்துதான் இது.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கிடணும், இது புரிஞ்சா கீழ இருக்கதுல பாதி தானா வந்திரும். தமிழ்ல "மட்டும்", "தான்", "கூட", இதெல்லாம் எந்தச் சொல்லுக்கோ அந்தச் சொல்லோட முதுகுல ஏறி ஒட்டிக்கிடும். ஐ, கு, ஆல்னு வேற்றுமை உருபும் அப்படித்தான். அதனால "செல்வம் முருகனுக்கு அல்வாவ குடுத்தான்"ங்கத நீங்க எப்படி மாத்திப் போட்டாலும், "அல்வாவ முருகனுக்கு செல்வம் குடுத்தான்"னாலும், யாரு குடுத்தா யாரு வாங்குனாங்கிறதுல கொழப்பம் வராது, ஏன்னா ஒவ்வொரு சொல்லும் அதோட அடையாளத்த தானே கையில வச்சிருக்கு. இங்கிலீஷ்ல அந்த மாதிரி ஒட்டு ரொம்பக் கம்மி. அங்க சொல்லு நிக்குத எடம்தான் உருபு. நம்ம தமிழ்ல சொல்ல நகத்துன மாதிரி அங்க நகத்துனா உருப மாத்தி எழுதுன மாதிரி ஆயிரும்.

அறிகுறி: "மட்டும்", "தான்"னு நெனச்சு ஒன்லி போட்டேன், படிக்கவங்க "வெறும்"னு படிக்காங்க

அண்ணாச்சி லெட்டர்ல நடந்தது இதுதான். "நான்தான்", "நான் மட்டும்" அப்படிங்கிறத நம்ம ஆளுக அப்படியே வரிசை மாறாம "ஐ ஒன்லி"ன்னு சொல்லுதாங்க, தமிழ்ல மட்டும் பின்னால ஒட்டுதுல்லா, அதே ஞாபகத்துல. இங்கிலீஷ்ல ஒன்லி தனக்கு முன்னால இருக்கத விட்டுட்டு பின்னால வாறத புடிக்கும்.

ஒரே வாக்கியத்துல ஒன்லிய ஒவ்வொரு எடமா நகத்திப் பாருங்க. "ஒன்லி முருகன் சோல்டு ஹல்வா டு மீ"ன்னா முருகன் மட்டும்தான் வித்தான், வேற யாரும் எனக்கு விக்கல. "முருகன் ஒன்லி சோல்டு ஹல்வா டு மீ"ன்னு எழுதிப் பாத்தா, வித்ததோட சரி, கிண்டுனது அவன் இல்ல அப்படின்னு படிக்கலாம். "முருகன் சோல்டு ஒன்லி ஹல்வா டு மீ", அல்வா மட்டும் குடுத்தான், மிக்சர் குடுக்கல. "முருகன் சோல்டு ஹல்வா ஒன்லி டு மீ", எனக்கு மட்டும் குடுத்தான், வரிசையில நின்ன மத்தவங்களுக்கு இல்ல. நாலும் நாலு சேதி, சொல்லு எல்லாம் ஒண்ணே.

சரிபண்ணுத வழி: மொதல்ல தமிழ்ல வாய்விட்டுச் சொல்லுங்க, "மட்டும்" எந்தச் சொல்லு முதுகுல ஏறுதுன்னு பாருங்க, இங்கிலீஷ்ல அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால ஒன்லிய வைங்க. முதுகுல இருந்து எறக்கி நெத்தியில வைக்கணும், இப்படித்தான் நான் கடையில உக்காந்திருக்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன்.

இதுக்கு ஒரு விலக்கு பேங்க் செக்கு. "ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி"ன்னு அங்க ஒன்லி கடைசியிலதான் வரும், தொகைக்குப் பின்னால யாரும் மேக்கொண்டு எழுதிரக்கூடாதுன்னு அடைச்சு வைக்க பழக்கம் அது. அத வச்சு மத்த எடத்துலயும் பின்னால போடலாம்னு நெனச்சுராதீங்க.

இங்கிலீஷ்காரங்களே பேசும்போது ஒன்லிய வினைக்கு முன்னால போட்டுட்டு குரல ஏத்தி எறக்கி அர்த்தத்த காட்டிருவாங்க. இங்கிலீஷ் நடைக்குன்னு 1926ல அகராதி போட்ட ஃபவுலர்கூட, அர்த்தம் கொழம்பாத எடத்துல ஒன்லிய புடிச்சு இழுத்து நகத்தணும்னு கட்டாயம் இல்லன்னுதான் சொல்லுதாரு. அது எனக்கும் சம்மதம், வீட்ல பேசுதப்போ எப்படி வேணா பேசலாம். ஆனா மனுவுக்கும் லெட்டருக்கும் குரல் கெடையாதுல்லா, பேப்பர்ல இருக்க எடம் மட்டும்தான் இருக்கு. அதனால எழுதும்போது நான் நகத்தித்தான் வைப்பேன்.

ஆல்மோஸ்ட், நியர்லி, ஜஸ்ட், ஈவன் எல்லாம் ஒன்லியோட பங்காளிதான், அதே மருந்துதான். ஒரு பிள்ளை ஃபீஸ் விஷயமா எழுதிக்கிட்டு வந்துச்சு, "ஐ ஆல்மோஸ்ட் பெய்டு 20,000 ருபீஸ்"னு. அதுக்கு அர்த்தம் கட்டப் போனேன், ஆனா கட்டல. அது கட்டுனது பத்தொம்பதாயிரத்துச் சொச்சம், ரசீது கையில இருக்கு. "ஐ பெய்டு ஆல்மோஸ்ட் 20,000 ருபீஸ்"னு மாத்திக் குடுத்தேன். துட்டு விஷயத்துல இந்த ஒரு எடம் எவ்வளவு பெரிய வித்தியாசம்னு பாத்துக்கிடுங்க.

அறிகுறி: வாக்கியம் "இங்"ல ஆரம்பிக்குது, படிச்சா மழை பஸ்ஸ விட்டு எறங்குன மாதிரி இருக்கு

பயோடேட்டாவுலயும் ப்ராஜெக்ட்லயும் வாறதுல இதுதான் அதிகம், அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்லுதேன்.

"ரீச்சிங் ஜங்ஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்". எழுதுன பையன்கிட்ட என்ன சொல்ல வாறன்னு கேட்டா, "ஜங்ஷன்ல எறங்கும்போது மழ புடிச்சிட்டு"ங்கான். தமிழ்ல அது நூத்துக்கு நூறு சரி. "எறங்கும்போது"ன்னு சொன்னா எறங்குனது ஒரு ஆளாவும் புடிச்சது மழையாவும் இருக்கலாம், தமிழ் அதுக்கு எடம் குடுக்கு. ஆனா இங்கிலீஷ்ல வாக்கியத்தோட தலையில நிக்குத அந்த "இங்" நம்மளோட "எறங்கும்போது" இல்ல. அது "எறங்கி". இப்போ சொல்லிப் பாருங்க, "ஜங்ஷன்ல எறங்கி மழ புடிச்சிட்டு". காதே ஒத்துக்கிடாது.

ஏன் ஒத்துக்கிடலன்னா அது நம்ம இலக்கணத்துலயே இருக்கு. செய்து, செய்யூ, செய்பு இந்த மூணு வாய்பாட்டு வினையெச்சமும் தன்னோட வினைமுதலையேதான் கொண்டு முடியணும்னு தொல்காப்பியம் வினையியல்ல சொல்லுது. எறங்குனவன் எவனோ அவனே அடுத்த வேலையவும் செய்யணும். "ஜங்ஷன்ல எறங்கி டீ குடிச்சேன்", எறங்குனதும் நான், குடிச்சதும் நான், காதுல உறுத்தல. இங்கிலீஷ்காரன் "டேங்ளிங்"னு பேரு வச்சு தப்புங்கிறது ஏறக்குறைய இதே விதிய மீறுததைத்தான். ஆக உங்க காதுல ஏற்கனவே இந்தச் சோதனை இருக்கு, இத்தனை வருஷமா தமிழ் பேசிப் பழகுன காது அது. தலையில இருக்க "இங்"க "செஞ்சு"ன்னு மாத்தி வாக்கியத்த தமிழ்ல சொல்லுங்க, காது உறுத்துனா இங்கிலீஷும் தப்பு. "செய்யும்போது"ன்னு மாத்தினீங்கன்னா மட்டும் தப்பு ஒளிஞ்சுக்கிடும், அது ரொம்ப முக்கியம்.

இந்தச் சோதனை எல்லா எடத்துலயும் புடிக்காது, அதையும் சொல்லிரணும். "மழ பேஞ்சு கொளம் நெறஞ்சுது"ன்னு நாம சொல்லுதோம், பேஞ்சது மழை, நெறஞ்சது கொளம், ஆனாலும் காது ஒண்ணும் சொல்லல, ஒண்ணால ஒண்ணு நடந்ததுன்னா தமிழ் விட்டுக்குடுக்கும். மனுவுல வாற இந்த வாக்கியம் அந்த ஓட்டையிலதான் தப்பிக்கி: "ஹேவிங் அப்ளைடு ஆன்லைன், த சர்டிஃபிகேட் வாஸ் நாட் ரிசீவ்டு". தமிழ்ல "அப்ளை பண்ணி சர்டிஃபிகேட் வரல"ன்னு பேச்சுல ஓடிரும். அதனால ரெண்டாவது சோதனை ஒண்ணு வச்சிருக்கேன். கமாவுக்கு அடுத்தாப்ல நிக்குத பேர்ச்சொல்லப் புடிச்சு, "நீயா இதப் பண்ணுன?"ன்னு நேரடியாக் கேளுங்க. சர்டிஃபிகேட்டே, நீயா ஆன்லைன்ல அப்ளை பண்ணுன? இல்ல. அப்போ பண்ணுனவன அந்த எடத்துக்குக் கொண்டு வரணும்: "ஹேவிங் அப்ளைடு ஆன்லைன், ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு த சர்டிஃபிகேட்".

ஒரு ப்ராஜெக்ட்ல இப்படி இருந்துச்சு, "கம்ப்ளீட்டட் இன் 1843, த தாமிரபரணி ஃப்ளோஸ் அண்டர் த சுலோச்சன முதலியார் பிரிட்ஜ்". 1843ல கட்டி முடிச்சது பாலம், ஆனா கமாவுக்கு அடுத்தாப்ல நிக்கிறது ஆறு, அதனால தாமிரபரணிய 1843ல கட்டி முடிச்ச மாதிரி ஆயிட்டு. ஆதியில இருந்து ஓடுத ஆறு அது. பிள்ளைகிட்ட பாலத்தையும் ஆத்தையும் எடம் மாத்தச் சொன்னேன்: "கம்ப்ளீட்டட் இன் 1843, த சுலோச்சன முதலியார் பிரிட்ஜ் கிராசஸ் த தாமிரபரணி". "இங்" இல்லாம "ட்டட்", "ன்டு"ன்னு ஆரம்பிச்சாலும் இதே வியாதிதான்னு தெரிஞ்சுக்கிடுங்க.

மழை எறங்குச்சு, ஆத்தக் கட்டுனாங்க, இதெல்லாம் படிச்ச உடனே தெரிஞ்சிரும். பயப்பட வேண்டியது நம்புத மாதிரி இருக்க தப்புக்குத்தான். "ஆஃப்டர் கம்ப்ளீட்டிங் பி.காம்., மை ஃபாதர் சென்ட் மீ டு கோயம்புத்தூர்". படிச்சவன் மவன், ஆனா இந்த வாக்கியத்துல பி.காம் முடிச்சது அப்பா. யாருக்கும் சந்தேகமே வராது, ஏன்னா அப்பாவும் பி.காம் முடிச்சிருக்கலாம்லா. அந்தப் பையன இன்டர்வியூல "அப்பா எந்தக் காலேஜ்ல படிச்சாங்க"ன்னு கேட்டிருக்காங்க, அவங்க அப்பா பத்தமடையில பாய் முடையுத தொழில், அவன் என்ன பதில் சொல்லதுன்னு தெரியாம முழிச்சுட்டு வந்திருக்கான். "ஆஃப்டர் ஐ கம்ப்ளீட்டட் பி.காம்., மை ஃபாதர் சென்ட் மீ டு கோயம்புத்தூர்"னு "ஐ"ய உள்ள கொண்டு வந்து வச்சா போதும்.

"கன்சிடரிங்", "ரிகார்டிங்", "ஜெனரலி ஸ்பீக்கிங்" இதுகள விட்டுருங்க. "இங்"ல முடிஞ்சாலும் அதுக இப்போ தனிச்சொல் மாதிரி ஆயிட்டு, வினைமுதல் தேட வேண்டாம்.

அறிகுறி: பைக்குச் சொன்னது மகள் மேல போய் ஒட்டிக்கிட்டு

தொலைஞ்ச சாமானுக்கு நோட்டீஸ் அடிக்க வாறவங்ககிட்ட இத அடிக்கடி பாப்பேன். "லாஸ்ட் எ பிரவுன் பேக் பிலாங்கிங் டு மை டாட்டர் வித் எ ப்ரோக்கன் ஸிப் நியர் வண்ணார்பேட்டை". ஸிப்பு பிஞ்சது பையில, ஆனா "வித் எ ப்ரோக்கன் ஸிப்" மகளுக்குப் பக்கத்துல நிக்கி. இங்கிலீஷ் படிக்கவன் கண்ணு எப்பவும் கிட்ட இருக்கதுலதான் மொதல்ல ஒட்டிப் பாக்கும்.

இது ஏன் நமக்கு வருதுன்னா, தமிழ்ல அடை எல்லாம் பேருக்கு முன்னாலயே வந்திரும், "வண்ணார்பேட்டைகிட்ட தொலஞ்ச, ஸிப்பு பிஞ்ச, என் மகளோட பிரவுன் பை", எல்லாத்தையும் சொல்லி முடிச்சு கடைசியில பைய வச்சா கதவச் சாத்துன மாதிரி. இங்கிலீஷ்ல பைய மொதல்ல வச்சிட்டு ஒவ்வொண்ணா பின்னால கோக்கணும், நடுவுல இன்னொரு பேர்ச்சொல் வந்துட்டுன்னா அதுக்கப்புறம் வாறதெல்லாம் புதுசா வந்ததுக்குப் போயிரும். நம்ம ஜில்லாவுல இடையன்குடியில இருந்த கால்டுவெல் 1856ல லண்டன்ல அச்சான ஒப்பிலக்கணத்துலயே இத எடுத்துச் சொல்லுதாரு, ஹூ, விச் மாதிரி சொல்லு செய்யுத வேலைய திராவிட மொழிகள்ல பெயரெச்சம் செய்யுதுன்னு. "பிஞ்ச" அப்படிங்கிற ஒரு பெயரெச்சத்துல முடியுத சோலிய அங்க "விச் ஹேஸ் எ ப்ரோக்கன் ஸிப்"னு பின்னால இழுத்துக்கட்ட வேண்டியிருக்கு, இழுத்துக்கட்டுதப்போதான் முடிச்சு எடம் மாறிருது.

சரிபண்ண, பாதிய தமிழ் மாதிரி முன்னால கொண்டு போயிருங்க, பாதிய மட்டும் பின்னால விடுங்க. "மை டாட்டர்ஸ் பிரவுன் பேக், வித் எ ப்ரோக்கன் ஸிப், வாஸ் லாஸ்ட் நியர் வண்ணார்பேட்டை". "என் மகளோட"ங்கிறது முன்னால போயிட்டு, ஸிப்பு பைக்குப் பக்கத்துல வந்துட்டு, ஊரு தொலைஞ்சதுக்குப் பக்கத்துல நின்னுட்டு.

அறிகுறி: சொல்லெல்லாம் எடத்துலதான் இருக்கு, ஆனா எத்தனை பேரச் சொல்லுதாங்கன்னு தெரியல

அப்போ கமாவப் பாருங்க. "மை சன்ஸ் ஹூ லிவ் இன் தென்காசி வில் கெட் த ஹவுஸ்"னா, மகன்மார்ல தென்காசியில இருக்கவங்களுக்கு மட்டும் வீடு, சென்னையில இருக்கவனுக்கு இல்ல. "மை சன்ஸ், ஹூ லிவ் இன் தென்காசி, வில் கெட் த ஹவுஸ்"னு ரெண்டு கமா போட்டா எல்லா மகனுக்கும் வீடு, எல்லாரும் தென்காசியிலதான் இருக்காங்க, அது கூடுதல் தகவல். தமிழ்ல "தென்காசியில இருக்க என் மகன்மாருக்கு வீடு"ன்னா ரெண்டும்தான், பக்கத்துல நிக்கவனக் கேட்டாத்தான் தெரியும். நமக்கு அந்தக் கமா பேச்சுல இல்லாததால எழுத்துலயும் அதுக்கு மதிப்பு குடுக்க மாட்டோம்.

சொத்து சம்பந்தமா யாரு எத டைப் பண்ணச் சொன்னாலும் இந்த எடத்துல நான் நிறுத்திக் கேட்ருவேன், "அண்ணாச்சி, உங்களுக்கு மொத்தம் எத்தனை பையன், எத்தனை பேரு தென்காசியில?"ன்னு. கேக்குறதுக்கு கூச்சமே படக்கூடாது. பேரப் போட்டு எழுதிட்டா இன்னும் நல்லது, கமாவ நம்பி ஒரு வீட்ட விடவேண்டாம்.

அறிகுறி: மூணு சாமான வரிசையாச் சொல்லி கடைசியில ஒரு அடை, அது கடைசிக்கா மூணுக்குமா?

"டெஸ்க்ஸ், சேர்ஸ் அண்ட் ஃபேன்ஸ் பாட் இன் 2022 வில் பி ரிப்ளேஸ்டு". 2022ல வாங்குனது ஃபேன் மட்டுமா, இல்ல டெஸ்க்கு நாற்காலி எல்லாமா? இது எழுதுன வாத்தியாருக்கே தெரிஞ்சிருக்கும், படிக்கவனுக்குத் தெரியாது.

சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல 2016ல லாக்ஹார்ட் வழக்குன்னு ஒண்ணு, முழுக்க முழுக்க இந்த ஒரு கேள்விதான். சட்டத்துல மூணு குற்றத்த வரிசையாச் சொல்லி கடைசியில "மைனர் சம்பந்தப்பட்ட" அப்படிங்கிற அர்த்தத்துல ஒரு தொடர் பின்னால நின்னுச்சு. அது கடைசிக் குற்றத்துக்கு மட்டும்னா, முன்னாலயே ஒரு குற்றத்துக்கு தண்டனை வாங்கியிருந்த லாக்ஹார்ட்டுக்கு கொறஞ்சது 10 வருஷம் ஜெயில், மூணுக்கும்னா அந்த 10 வருஷக் கணக்கு அவருக்குப் பொருந்தாது, ஏன்னா அவரோட பழைய குற்றத்துல மைனர் கெடையாது. 8 ஜட்ஜ்ல 6 பேரு கடைசிக்கு மட்டும்தான்னாங்க, 2 பேரு மூணுக்கும்தான்னாங்க. இங்கிலீஷ தாய்மொழியா வச்சிருக்க, சட்டமே தொழிலா இருக்கவங்களுக்குள்ளயே ஒரு அடை நிக்குத எடத்துல ஒத்துப்போகல.

அதனால நீங்க எழுதும்போது ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. ஃபேனுக்கு மட்டும்னா ஃபேன மொதல்ல வைங்க: "ஃபேன்ஸ் பாட் இன் 2022, அண்ட் ஆல் டெஸ்க்ஸ் அண்ட் சேர்ஸ்". மூணுக்கும்னா அடைய முன்னால கொண்டாந்துருங்க: "த ஃபாலோயிங் ஐட்டம்ஸ், ஆல் பாட் இன் 2022", அதுக்குக் கீழ ஒவ்வொண்ணா.

அறிகுறி: நடுவுல நிக்குத சொல்லு ரெண்டு பக்கமும் பாக்குது

"ஸ்டூடன்ட்ஸ் ஹூ ப்ராக்டிஸ் ஆஃபன் கெட் குட் மார்க்ஸ்". அடிக்கடி ப்ராக்டிஸ் பண்ணுதவங்களா, இல்ல ப்ராக்டிஸ் பண்ணுதவங்க அடிக்கடி நல்ல மார்க் வாங்குதாங்களா? ஆஃபன் நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் கைய நீட்டுது.

தமிழ்ல இதுக்குப் பேரே இருக்கு, தாப்பிசை. நன்னூல் சொல்லுத எட்டுப் பொருள்கோள்ல அது ஒண்ணு, ஊஞ்சல் மாதிரி நடுச்சொல் முன்னாலயும் பின்னாலயும் போய்வரும். பள்ளிக்கூடத்துல படிச்ச உதாரணம் ஞாபகம் இருக்கும், "உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு". நடுவுல இருக்க "ஊன்" முன்னால போய் ஊன் உண்ணாமைன்னு ஆகும், பின்னால வந்து ஊன் உண்ணன்னும் ஆகும். குறள்ல அது அழகு, ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் ஒரே சேதியத்தான் சொல்லுது, ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்ல. ஆஃபன் விஷயத்துல ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற சேதி, படிக்கவன் ஒண்ணத்தான் எடுக்க முடியும், அவன் எத எடுப்பான்னு உங்க கையில இல்ல.

நடுவுல இருந்து எடுத்து ஒரு ஓரமா வைங்க. "ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஆஃபன் ப்ராக்டிஸ் கெட் குட் மார்க்ஸ்", அல்லது "ஸ்டூடன்ட்ஸ் ஹூ ப்ராக்டிஸ் வில் ஆஃபன் கெட் குட் மார்க்ஸ்". கிழமைக்கும் இதே கதைதான். "ஹி டோல்டு மீ ஆன் மண்டே ஹி வுட் பே". சொன்னது திங்கக்கிழமையா, துட்டு தாறது திங்கக்கிழமையா? கடன் குடுத்தவனுக்கு இது சாதாரணக் கேள்வி இல்ல. தாறது திங்கக்கிழமைன்னா "ஹி டோல்டு மீ தட் ஹி வுட் பே ஆன் மண்டே", அந்த "தட்"ட விடாதீங்க, அது நடுவுல ஒரு வரப்பு மாதிரி நின்னுக்கிடும்.

அறிகுறி: "எல்லாம் இல்ல"ன்னு எழுதுனேன், "ஒண்ணுமே இல்ல"ன்னு எடுத்துக்கிட்டாங்க

"ஆல் பசஸ் டு நாட் ஸ்டாப் ஹியர்". எந்த பஸ்ஸும் நிக்காதுன்னும் படிக்கலாம், எல்லா பஸ்ஸும் நிக்காது, சிலது நிக்கும்னும் படிக்கலாம். நாட்ட தலைக்குக் கொண்டு போங்க, "நாட் ஆல் பசஸ் ஸ்டாப் ஹியர்", சிலது நிக்கும். ஒண்ணுமே நிக்காதுன்னா "நோ பசஸ் ஸ்டாப் ஹியர்". இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

அறிகுறி: ரெண்டு மூணு அடை அடுக்கி வந்து, எது எதுக்குன்னு தெரியல

"ஓல்டு காப்பர் வெசல் டீலர்"னு விசிட்டிங் கார்டு அடிச்சா பழசு பாத்திரமா வியாபாரியா? தமிழ்ல "பழைய பாத்திர வியாபாரி"யும் இதே மாதிரி தடுமாறத்தான் செய்யும். இங்கிலீஷ்ல நடுவுல ஒரு சின்னக் கோடு போட்டு கட்டிறலாம், கூந்தன்குளத்துல நாரையப் பாத்துட்டு வந்த பிள்ளை "ரெட் லெக்ட் பேர்ட்"னு எழுதும்போது ரெட்டுக்கும் லெக்ட்டுக்கும் நடுவுல கோடு போட்டா செவப்பு காலுக்குன்னு கண்ணுக்கு உடனே தெரிஞ்சிரும், நாம "செங்கால் நாரை"ன்னு ஒரே சொல்லா ஒட்டிச் சொல்லுத மாதிரி. வியாபாரி கார்டுக்கு கோடு வேண்டாம், "டீலர் இன் ஓல்டு காப்பர் வெசல்ஸ்"னு திருப்பிப் போட்டுட்டேன்.

இத்தனையும் பாத்தும் ஒரு வாக்கியம் சரியா வரலன்னா

அப்போ நகத்துததை விட்டுட்டு வாக்கியத்த ஒடைச்சிருங்க. ஒரு அம்மா ராதாபுரத்துல இருந்து கொண்டாந்தது: "ஐ சப்மிட்டட் த ஃபார்ம் டு த ஆபீசர் வித் மை சன் ஹூ இஸ் ஹாண்டிகேப்ட் ஆன் த 12த் விச் வாஸ் நாட் அக்னாலெட்ஜ்டு". கூட வந்தது மகனா, ஆபீசர்கூட இருந்தது மகனா, 12ஆம் தேதி போனதா, ஏத்துக்கிடாதது ஃபாரத்தையா தேதியையா, எதுக்குமே பதில் இல்ல. அரைமணி நேரம் நகத்திப் பாத்துட்டு, "அம்மா, நடந்தத வரிசையாச் சொல்லுங்க"ன்னேன். "12ஆம் தேதி போனேன்யா. மவனையும் கூட்டிட்டுப் போனேன், அவனுக்கு நடக்க முடியாது. ஃபாரத்த ஆபீசர் கையில குடுத்தேன். ரசீது தரலய்யா"ன்னாங்க. அவங்க சொன்ன வரிசையிலயே நாலு சின்ன வாக்கியமா அடிச்சேன்: "ஐ வென்ட் டு த ஆபீஸ் ஆன் த 12த். மை சன், ஹூ கேனாட் வாக், கேம் வித் மீ. ஐ கேவ் த ஃபார்ம் டு த ஆபீசர். ஐ வாஸ் நாட் கிவன் எ ரிசீப்ட்." படிச்சுக் காட்டி தமிழ்லயும் சொன்னேன். "ஆமாய்யா, இதான் நடந்துச்சு"ன்னு கையெழுத்து போட்டாங்க.